நான் எழுதிய முப்பத்தைந்து கேரண்டி கார்டுகள்

மகனே,

இதை நீ ஒருவன் மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. போன மாதம் தனபாலைப் பற்றி எந்த இடத்தில் எழுதினாயோ, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற அந்த உன் கம்ப்யூட்டர் பக்கத்தில், அதே இடத்தில் இதையும் போட வேண்டும். ஒரு சொல்லைக்கூட மாற்றாதே. பிழை இருந்தால் இருக்கட்டும். உன் அம்மா ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவள் என்பது ஊருக்கே தெரியும், புதிதாகத் தெரிந்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. நாலு பேர் பார்க்க நீ ஒரு மனுஷனைக் கேவலப்படுத்தியிருக்கிறாய். அதைத் துடைப்பதும் நாலு பேர் பார்க்கத்தான் நடக்க வேண்டும். அப்படிக் கேவலப்படுத்த உனக்குக் கல் எடுத்துக் கொடுத்தவள் நான் என்பதால்தான் இந்த வயதில் கோடு போட்ட நோட்டு வாங்கிவரச் சொல்லி உட்கார்ந்திருக்கிறேன்.

லீவுக்கு வந்திருந்த உன் மகள்தான் போனில் காட்டினாள். "ஆயா, அப்பா ஒரு தாத்தாவ புடிச்சு கிழிச்சிக்கிறாரு பாரு" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். படிக்கச் சொன்னேன். நம் ஊர்ப் பக்கங்களில் அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எந்த ஊரில் எத்தனை விற்றன என்று நீ புத்தகம் எழுதுவது எனக்குத் தெரியும். உங்கப்பா ஏஜென்சி எடுத்திருந்த கம்பெனி தன் கடைக்காரர்களுக்காக அச்சடித்த பழைய சிறு புத்தகம் ஒன்று யாரோ ஒரு சேகரிப்பாளரிடமிருந்து உனக்குக் கிடைத்ததும் தெரியும். கிடைத்த அன்றைக்கே எனக்குப் போன் செய்தாயே. "அம்மா, கள்ளக்குறிச்சி நாப்பதும்மா! எத்தனையோ பெரிய ஊருங்கள தாண்டிட்டாரு அப்பா" என்றாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை உன் கல்யாணத்தன்றுகூட நான் கேட்கவில்லை. "அப்டியா கண்ணு" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையோடு நான் வாயை மூடிக்கொண்டதுதான் இத்தனைக்கும் காரணம். அந்த எண்ணை நீ எல்லோருக்கும் போட்டாய். அதற்குக் கீழே தனபால் வந்து, 'தம்பி, நாற்பது விற்கவில்லை, நான் அந்த ஊர்களுக்கெல்லாம் நேரில் போய்ப் பார்த்தவன்' என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். நீ என்ன பதில் போட்டாய்? 'மலைக்குப் போகாமல் டீக்கடைப் பெஞ்சில் தூங்கிவிட்டுப் போனதாகக் கம்பெனியை ஏமாற்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், செத்துப்போன என் அப்பாவின் பெயரைக் கெடுக்க வந்திருக்கிறார்' என்று போட்டாய். அதற்கு எத்தனை பேர் கைதட்டியிருக்கிறார்கள் என்றும் உன் மகள் எண்ணிச் சொன்னாள்.

அவர் சொன்னதுதான் சரி மகனே. நாற்பது விற்கவில்லை.

நீ நாலாவது படித்த வருஷம் அது. அப்போது நம் ரேடியோக் கடையில் டிவி வர ஆரம்பித்திருந்தது. மொட்டை மாடியில் பனைமர உயரத்துக்குக் கம்பி நட்டால்தான் படம் தெரியும். அந்த நேரத்தில் மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு வந்தான். அவன் பெயரை எழுத மாட்டேன், என் பேனாவுக்கு ஒரு மானம் இருக்கிறது. வீட்டு டிவியில் ஒயரைச் செருகினால் கணக்குப் போடும், படம் வரையும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் என்று ஒரு பெட்டியைக் காட்டினான். டைப் அடிக்கிற மிஷினின் மேல்பாகத்தை மட்டும் அறுத்து எடுத்தது மாதிரி இருந்தது. அதற்குப் பாட்டு கேசட் மாதிரி ஒரு கேசட் போட வேண்டும். டேப் ரிக்கார்டர் பல் கூசுகிற மாதிரி நாலு நிமிஷம் கத்தும், பிறகுதான் திரையில் ஏதாவது வரும். பாதியில் கரண்டு போனால் மறுபடியும் முதலிலிருந்து கத்தல். உங்கப்பா அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது அதில் பாதிகூடப் பார்க்கவில்லை. ஒரு லாரியில் நாற்பது பெட்டி வந்து இறங்கியது. பின்கட்டில் நெல் மூட்டை இருந்த அறையைக் காலி செய்து அடுக்கினோம்.

விற்றது யார் யாருக்கு என்று எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். கடைத்தெருவில் ஒரு டாக்டர் வாங்கினார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ஒரு அதிகாரி, வாங்கிய மூன்றாம் மாதமே மாற்றலாகிப் பெட்டியோடு போய்விட்டார். ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர், கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை பெண் பெயர் போட உதவும் என்று நினைத்து வாங்கி ஏமாந்தார். வடக்கனந்தலில் ஒரு நிலக்காரர் மகளுக்குச் சீராகக் கொடுக்க வாங்கினார். பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் மாலை போட்டு வைத்திருந்தார்கள், நானே பந்தலில் பார்த்தேன். அந்த மாப்பிள்ளை வீட்டில் அதற்குப் பிறகு அதைச் செருகவே இல்லை என்று கேள்வி. தியாகதுருகத்தில் ஒரு தலைமையாசிரியர் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கினார். ஆக ஐந்து. மற்ற முப்பத்தைந்தும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் பின்கட்டிலேயே இருந்தன. எலி மட்டும்தான் அவற்றைப் பிரித்தது.

ஒவ்வொரு அட்டைப்பெட்டியின் மேலும் ஓர் உறையில் ஒரு கேரண்டி கார்டு ஒட்டியிருக்கும். வாங்கியவர் பெயர், ஊர், தேதி எழுதி, கடை முத்திரை வைத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். கம்பெனிக்காரன் யார் வீட்டுக்கும் வந்து எண்ணிப் பார்க்கவில்லை மகனே. எத்தனை கார்டு வருகிறதோ அத்தனை பெட்டி விற்றது, அவ்வளவுதான் அவர்கள் எண்ணிய எண்ணிக்கை. ஏஜெண்டு ஒரு நாள் முகம் வெளுத்து வந்தான். மாதக் கடைசிக்குள் நாற்பது கார்டும் போகவில்லை என்றால் நம் கடையில் மாட்டிய கம்பெனி போர்டைக் கழற்றிக்கொண்டு போய் வேறு ஊர்க் கடையில் மாட்டிவிடுவார்கள் என்றான். உங்கப்பா, "இல்லாத ஆளுக்கு எப்டிங்க கார்டு எழுதறது?" என்றார். அதற்கு அவன், "இன்னிக்கு இல்லன்னா நாளிக்கி விக்கப்போவுது. கார்டு முன்னாடி போவுது, ஆளு பின்னாடி வராரு. இதுல இன்னா தப்பு?" என்றான். போகிற போக்கில், கடையில் நான் எழுதி மாட்டியிருந்த 'தொடாதீர்கள்' அட்டையைப் பார்த்துவிட்டு, "யாரு, அம்மா எழுதினதா? முத்து முத்தா கீதே. அம்மாவையே எழுதச் சொல்லுங்க, கம்பெனியில அசந்துடுவாங்க" என்றான்.

அந்தப் பேச்சில் நான் விழுந்தேன். உன் அத்தைக்குக் கல்யாணம் வைத்தபோது பத்திரிகை மேல் பெயர் எழுத நான் பேனாவை எடுத்தேன். அதை என் கையிலிருந்து பிடுங்கி, "அஞ்சாங்கிளாஸ் எழுத்துல பத்திரிக போனா சம்மந்தி வூட்ல சிரிப்பாங்க அண்ணி" என்றாள் உன் அத்தை. அன்று அவள் கட்டியிருந்த புடவையின் நிறம் வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை நான் மன்னிக்கவில்லை, இனியும் மன்னிப்பதாக இல்லை. ஆனால் மெட்ராஸ் கம்பெனிக்காரன் என் எழுத்தைப் பார்த்து அசரப்போகிறான் என்றதும், என்ன எழுதுகிறோம் என்று யோசிக்காமல் உட்கார்ந்துவிட்டேன் பார், அதற்கு உன் அத்தையைக் குற்றம் சொல்ல முடியாது.

முப்பத்தைந்து பெயருக்கு எங்கே போவது? எடுத்தேன் உன் தாத்தாவின் பத்திரிகை நோட்டை. நம் பக்கத்து வழக்கம் உனக்கு மறந்திருக்கும். கல்யாணம் என்றால் எந்த ஊரில் எந்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று ஊர் வாரியாக ஒரு நோட்டு இருக்கும். உன் தாத்தா மலையிலிருந்து புளியும் கடுக்காயும் வாங்கி விற்றவர், அதனால் நோட்டில் பாதி கல்வராயன் மலை ஊர்கள். பத்திரிகை வீட்டுப் பெரியவர் பெயருக்குத்தான் போகும். அவர் செத்துப்போனாலும் பெயரை அடிக்க மாட்டார்கள். பிள்ளைகள் தனித்தனி வீடாகப் பிரிகிற வரைக்கும் அந்த வீட்டுக்கு அவர் பெயர்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, சோறு வடித்த கையோடு, வரிசையாக முப்பத்தைந்து பெயரையும் ஊரையும் அழகாக எழுதினேன். சின்னையன், வெள்ளிமலைக்கு மேலே. பொன்னுசாமி, அதற்கும் மேலே. உங்கப்பா ஒவ்வொன்றாக முத்திரை வைத்தார். அவர் கை தயங்கியதைப் பார்த்தேன். "வைங்க, மை காஞ்சிடும்" என்று நான்தான் சொன்னேன்.

நீ சேகரித்து வைத்திருக்கிற அந்தப் புத்தகத்தின் 'நாற்பது' இப்படித்தான் பிறந்தது. அதற்குப் பிறகு ஒன்றே ஒன்று விற்றது, ஒரு ரைஸ்மில்காரருக்கு, தீபாவளி சமயத்தில். மிச்சப் பெட்டிகளை அடுத்த வருஷம் ஏஜெண்டே லாரி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனான். எங்கே கொண்டு போகிறாய் என்று கேட்டதற்கு, வேறு ஜில்லாக் கடைக்கு, புது கார்டு வைத்து அனுப்புவோம் என்றான். யோசித்துப் பார். நம் ஊரில் ஒரு தடவை விற்ற அதே பெட்டிகள் அங்கேயும் ஒரு தடவை விற்றதாகப் போயிருக்கும். நீ எல்லா ஊரையும் கூட்டி ஒரு மொத்தம் போட்டிருக்கிறாயே, அதில் என் முப்பத்தைந்து கார்டு எத்தனை இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ. மற்ற ஊர்களிலும் நல்ல கையெழுத்துள்ள ஒருத்தி இருந்திருக்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்? அச்சில் வந்த எண் என்றால் உனக்கு ஒரு பக்தி. அச்சடித்தவனுக்கு யாரோ எழுதிக் கொடுத்துத்தானே வந்தது, அந்தக் கையைப் போய்ப் பார்க்க வேண்டாமா? நீ பார்க்கவில்லை. அந்தக் கை உனக்குச் சோறு போட்ட கை.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

தனபால் அந்தக் கம்பெனியின் மெக்கானிக். திருக்கோவிலூர்க்காரர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ரெக்ஸின் பையில் சூட்டுக்கோலும் ஈயமும் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை வருவார். உங்கப்பாவை அண்ணே என்பார், என்னை அண்ணி என்பார். நம் வீட்டில்தான் சாப்பாடு. கார்டெல்லாம் போய் நாலைந்து மாதம் கழித்துக் கம்பெனி அவரிடம் அட்ரஸ் பட்டியலும் கார்டுகளும் கொடுத்து, வாங்கினவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பெட்டி நன்றாக ஓடுகிறதா என்று பார்த்து வரச் சொல்லிவிட்டது. எங்களுக்கு இது தெரியாது. ஒரு நாள் பதினோரு மணி இருக்கும், மனுஷன் கடை வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் செம்மண். ஏஜெண்டும் அன்றைக்கென்று கடையில் உட்கார்ந்திருந்தான். நான் உள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒரு வெசயம். மலையில பதினோரு ஊரு பாத்துட்டு வரேன். ஒரு வூட்லயும் பொட்டி இல்ல."

"இல்லன்னா? யாருக்காச்சும் குட்த்துட்டு இருப்பாங்க" என்றார் உங்கப்பா.

"எத வெச்சிண்ணே வாங்கறது? பாதி ஊருக்குக் கரண்டே போவல. சின்னையன்னு ஒருத்தரு பேர்ல கார்டு. அவரு செத்து எட்டு வருசம் ஆவுதாம். செத்தவரு கம்ப்யூட்டர் வாங்கிக்கிறாருண்ணே! நான் கள்ளக்குறிச்சி கடையிலேர்ந்து வரேன்னு அந்தப் பேர சொன்னதும் அவரு சம்சாரம் என்ன உள்ள கூப்ட்டு ஒக்கார வெச்சி, சாமை அரிசிச் சோறு போட்டு, கள்ளக்குறிச்சி ஊட்ல யாருக்குப்பா கண்ணாலம்னு கேக்குது."

இதைச் சொல்லிவிட்டு அவர் கையிலிருந்த கார்டைத் திருப்பிப் பார்த்தார். தலையைத் தூக்கிச் சுவரில் தொங்கிய என் அட்டையைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார். ஏஜெண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு வார்த்தை அவர் பேசினால் எல்லாம் முடிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"இன்னாய்யா பேசற நீ? மலை ஏற ஒடம்பு வணங்கல. அடிவாரத்துல டீ குட்சிட்டு திரும்பி வந்துட்டு, செத்தவங்க பேர்ல கதை சொல்லிக்கினு நிக்கிறியா? எங்க மாமனாரு பழகின ஜனங்கய்யா அவங்க. எங்களுக்குத் தெரியாததா உனுக்குத் தெரியும்?"

"அண்ணி, நான் ரெண்டு நாளா நடந்துகினு வரேன். என் கால பாருங்க" என்று செருப்பைக் கழற்றினார். குதிகால் பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது. அட்டைப்பூச்சி கடித்த இடம் வீங்கியிருந்தது. நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "கால் யாருக்குத்தான் வெடிக்கல?" என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு அவருக்கு நான் இலை போடவில்லை.

ஏஜெண்டுக்கு அது போதுமானதாக இருந்தது. கடைக்காரர் வீட்டம்மாவே சொல்கிறார், இந்த ஆள் மலைக்குப் போகவே இல்லை என்று கம்பெனிக்கு எழுதினான். இருபது நாளில் தனபாலை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று உங்கப்பா சாப்பிடவில்லை. "நீ ஏன் பேசின? நான் எதுனா சொல்லி சமாளிச்சிருப்பேனே" என்று மட்டும் கேட்டார். கம்பெனிக்கு உண்மையை எழுதிவிடுகிறேன் என்று இரண்டு தடவை காகிதத்தை எடுத்தார். இரண்டு தடவையும் நான் தடுத்தேன். கடை போய்விடும், பேர் போய்விடும், பிள்ளை படிப்பு என்று உன்னை இழுத்துப் பேசினேன். உன் பேரைச் சொன்னால் அந்த மனுஷன் மடங்கிவிடுவார். இத்தனைக்கும் அந்தக் கம்பெனி மூன்றாவது வருஷமே மூடிவிட்டது. உங்கப்பாவை நீ தப்பாக நினைக்காதே. அவர் செய்த தப்பு என்னைத் தாண்டாததுதான்.

எனக்குத் தனபால் மேல் அன்றிலிருந்து ஒரு கோபம். கேட்டால் சிரிப்பாய். நமக்குக் கெடுதல் செய்தவன் எதிரே வந்தால் திட்டிவிட்டுப் போகலாம், நம்மால் கெட்டவன் எதிரே வந்தால் என்ன செய்வது? அதனால் அவரையே கெட்டவராக ஆக்கிக்கொண்டேன். வீட்டில் யாராவது வேலைக்குச் சோம்பினால், "தனபால் மாதிரி அடிவாரத்துலயே நின்னுக்கினியா" என்பேன். நீ கேட்டுக் கேட்டு வளர்ந்த பேச்சு. டீக்கடைப் பெஞ்சில் அவர் படுத்துத் தூங்கினார் என்று சொல்வேனே, நீயும் உன் பதிலில் அதை எழுதியிருக்கிறாயே, அந்தத் தூக்கம் முதலில் கதையில் இல்லை. மூன்றாவது வருஷமோ என்னவோ, உன் சித்தி வந்திருந்தபோது சிரிப்பு வருவதற்காக நான் சேர்த்தது. சொல்லச் சொல்ல எனக்கே அந்தப் பெஞ்சு கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று முப்பத்தெட்டு வருஷமாக ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்த ஞாபகத்துக்குள் நானே பெஞ்சு போட்டு ஒருவரைப் படுக்க வைத்திருக்கிறேன். உன் புத்தகத்துக்கு வேண்டுமானால் இதையும் குறித்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை திருக்கோவிலூருக்குப் பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. விசாரித்துப் போனேன். முன் அறையில் மேஜை போட்டு மிக்சி, பேன் பழுது பார்க்கிறார். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிப் பச்சைத் துணி தொங்குகிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க அண்ணி" என்றார். வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு போனது அத்தனையும் மறந்துபோனது.

"தனபாலு, அந்தக் கார்டெல்லாம் நான்தான் எழுதினேன்."

"தெரியும் அண்ணி."

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கே தெரியும். அந்த மாதிரி எழுத்து இந்த ஜில்லாவுலயே வேற யாருக்கு?"

"தெரிஞ்சும் கம்பெனியில சொல்லலியா?"

"கேட்டாங்க. யாரு எழுத்துன்னு தெரியலன்னுட்டேன். சொன்னா அண்ணனுக்கு ஏஜென்சி பூடும். உங்க வூட்ல சின்னப் புள்ள. நான் அப்ப ஒண்டிக்கட்ட, எங்கனா பொழச்சிக்கலாம்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் ஸ்குரூ டிரைவரைத் துடைத்தார். "ஆனா உங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் அண்ணி. பஸ்ஸு உங்க கடைப்பக்கமா போனா, எதிர்ப்பக்கம் திரும்பிக்குவேன். அண்ணன் சாவுக்குக்கூட தெருமுனை வரைக்கும் வந்துட்டு திரும்பிட்டேன்."

அவர் சம்சாரம் காபி கொண்டுவந்து வைத்தார். கொஞ்சம் தெளிந்ததும், என் மகனை எண்ணைத் திருத்தச் சொல்கிறேன், நாற்பதை எடுத்துவிட்டு ஆறு என்று போடுவான் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஆறு இல்லீங்க அண்ணி, அஞ்சு."

"ஆறு. டாக்டர், ஆலைக்காரர், ஸ்டுடியோ, வடக்கனந்தல், தியாகதுருகத்து வாத்தியார், ரைஸ்மில்லு."

"ரைஸ்மில்லு பொட்டி வாத்தியார் பொட்டிதான். வாத்தியார் வூட்ல ஆயுத பூசைக்குப் பொட்டிக்குப் பொட்டு வெச்சி சூடம் கொளுத்தினாங்க, ஓரமா உருகிடிச்சி. வேணாம்னு திருப்பிக் குட்த்துட்டாங்க. அண்ணன் அந்த உருகின எடத்துல சந்தனத்த அப்பி, பூச போட்ட பொட்டின்னு மில்லுக்காரருக்கு தள்ளிட்டாரு. நான்தான மில்லுல பிரிச்சுப் பாத்தேன். சந்தனம் கையில ஒட்டிச்சி."

"அதெல்லாம் கெடையாது. எனக்குத் தெரியாம எங்க வூட்ல ஒரு பொட்டி உள்ள வராது."

"உங்களுக்குத் தெரியாமதான் அண்ணி வந்திச்சி. உங்ககிட்ட சொல்ல அண்ணனுக்குப் பயம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆறு என்று நான், ஐந்து என்று அவர், மாறி மாறிக் கத்தினோம். அவர் சம்சாரம் சமையல் கட்டிலிருந்து, "இன்னாத்துக்கு ரெண்டு கெழங்களும் இல்லாத பொட்டிக்கு அட்ச்சிக்கிறீங்க?" என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினோம். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். சந்தனத்தை அப்பித் தள்ளுகிற ஆள்தான் உங்கப்பா. ஆனாலும் ஆறு பேர் வாங்கினார்கள் என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெட்டி ஐந்தோ ஆறோ, வாங்கின மனுஷர்கள் ஆறு.

கிளம்பும்போது கேட்டேன். "உனக்கு இன்னா செய்யணும், சொல்லு. என் மகன நேர்ல வந்து மன்னிப்பு கேக்கச் சொல்லட்டுமா?"

"அதெல்லாம் வேணாம். தம்பி மேல எனக்கு ஒண்ணும் இல்ல, அதுக்கு யாரு இன்னா சொன்னாங்களோ அத எழுதிச்சி" என்றார். பிறகு உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "என் மருமவ அத போன்ல படிச்சிட்டா அண்ணி. படிச்சிட்டு என்ன ஒண்ணும் கேக்கல. எப்பவும் போல சோறு போட்றா, மாத்திர எடுத்துக் குடுக்கறா. கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். கேக்கல. நான் மலை ஏறினேன், அத மட்டும் போடச் சொல்லுங்க."

ஆகையால் மகனே, உன் புத்தகத்திலும் உன் பக்கத்திலும் கள்ளக்குறிச்சிக்கு நேராக இருக்கிற நாற்பதை அடித்துவிடு. ஐந்தா ஆறா என்பதில் பார்த்த இரண்டு பேருக்குள் தகராறு, தீரவில்லை என்று அப்படியே எழுது. சுத்தமாக ஒரு எண் வேண்டும் என்று நீயாக ஒன்றை வைத்துவிடாதே, அதைத்தான் நாங்கள் செய்தோம். மற்ற ஊர்களின் எண்களுக்குப் பக்கத்தில், இது கார்டு எண்ணிக்கை, பெட்டி எண்ணிக்கை அல்ல என்று போடு. கார்டு எழுதியது யார் என்று என் பெயரைப் போடு. உங்கப்பாவின் பெயர் சின்னதாகிவிடுமே என்று உனக்கு வலிக்கும். எனக்கும் வலிக்கிறது. நாற்பது விற்றவர் என்று நீ கொண்டாடியபோது உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்கிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவர் விற்கத் தெரியாதவர், அந்தப் பெட்டியை ஆசையாகப் பார்க்க மட்டும் தெரிந்தவர். உனக்கு அந்த ஆசை அவரிடமிருந்து வந்தது, எண்ணிலிருந்து வரவில்லை.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால், மேலே, தனியாக, தனபால் கல்வராயன் மலை ஏறினார், இரண்டு நாள் நடந்தார், பதினோரு ஊர் பார்த்தார், அவர் சொன்னது உண்மை என்று போடு. அவர் மருமகளின் போன் நம்பரை வாங்கி வந்திருக்கிறேன், உன் மகளிடம் கொடுத்திருக்கிறேன். போட்டதும் அந்தப் பெண்ணுக்கு அனுப்பு. அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு எனக்குப் போன் செய். அதுவரைக்கும் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

உன் அம்மா